தேர்முட்டியும் கூடாரமும்

(எமது மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில், ஹெவ்லொக் டவுனில், மாணவ உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)





இம்மேடையிலே அறிஞர் பலர் அரிய பொருள்களைப் பற்றிப் பேசியிருக்கின்றனர். இலக்கியம், சமயம், சரித்திரம், விஞ்ஞானம் என்று விரிந்து செல்லும் அந்த வரிசையிலே இன்று நாம் கொண்டுவந்து சேர்க்கும் பொருள் கூடாரத் துணியும், தும்புக் கயிறும், மண்ணெண்ணெய் அடுப்புமாகும். “மேடையேறிப் பேச இதுவும் ஒரு பொருளா?” என்று முன்வரிசைப் பெரியவர்கள் புன்னகை புரிவதைக் காண்கின்றோம். புன்னகை புரிக, ஆயினும் சற்றே பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகின்றோம். இவ்வுரை ஒரு பிழையிலிருந்து பிறந்தது. அப்பிழை எம்முடையது.

கோயில் தேர் ஆண்டில் எத்தனை நாள் ஓடுகின்றது? ஒரே ஒரு நாள். ஏனைய 364 நாளும் அது தேர்முட்டியிலே நிற்கின்றது. ஓடும் நாளில் வடம் பிடிக்க ஆயிரம் கைகள் நீளும். நிற்கும் நாள்களிலோ, கூரை ஒழுகுகின்றதா, கறையான் ஏறுகின்றதா என்று பார்ப்பவர் ஒருவரோ இருவரோதான். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு ஆடிவேல் தேர் அசைந்து வருங்கால் நாம் காலி வீதியோரம் நின்று கும்பிடுகின்றோம். அந்தத் தேரை ஆண்டு முழுவதும் துடைத்துக் காத்தவரை நாம் ஒருபோதும் கண்டதில்லை. ஆயினும் அவர் தம் கடமையை மறந்தாராயின் தேர் வீதிக்கு வருவதெப்படி? அச்சு உளுத்திருப்பதைத் தேர்த்திருவிழாவன்று கண்டுபிடிப்பதால் ஆகும் பயன் யாது?

இனி, எமது உடைமைகளைப் புதிய உறுப்பினர்க்காகக் கூறிவிடுகின்றோம். மன்றத்தின் இளைஞர் பகுதிக்கு நால்வர் படுக்கத்தக்க நைலோன் கூடாரங்கள் எட்டு உண்டு; பெரிய படங்குகள் ஆறு உண்டு; மூத்த தலைமுறையார் விட்டுச்சென்ற கன்வஸ் கூடாரம் ஒன்று உண்டு. இவற்றுடன் மண்ணெண்ணெய் அடுப்பு இரண்டு, காஸ் அடுப்பு ஒன்று, கிடாரம், தாச்சி, அகப்பை, வாளி, கயிறு, டோர்ச் லைற்று, மருந்துப் பெட்டி முதலியன. இவை யாவும் அன்பர் ஒருவர் மனமுவந்து அளித்த, மாடிப்படியின் கீழுள்ள சிற்றறையொன்றில் வைக்கப்பட்டுள்ளன. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மலைநாட்டிலே பாசறை அமைப்போம். ஆடியிலே, உகந்தையிலிருந்து குமுண, யால காட்டுவழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார் சிலருக்கு இரவல் கொடுப்பதும் உண்டு. மற்றைய மாதங்களில் அவை உறங்கும்.

நாம் கிறிஸ்தவ மிசன் பாடசாலையிலே பயின்றவர்கள். அங்கே சாரணர் படையிலும் சேர்ந்திருந்தோம். 1907ஆம் ஆண்டில் பேடன் பவல் பிரபு இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவிலே முதற் பாசறையை நடத்தினார். ஐந்தாண்டுகளுக்குள், 1912இல், மாத்தளையிலே இலங்கைச் சாரணர் இயக்கம் தொடங்கிவிட்டது என்று அங்கே கற்பித்தனர். வேதபாட வகுப்பிலே, அப்போஸ்தலராகிய பவுல் கூடாரம் செய்யும் தொழிலாளி என்றும் படித்தோம். எமது சாரண ஆசிரியர் அடிக்கடி ஒன்று சொல்வார்: “தம்பிமாரே, பஸ் வீட்டு வாசலிலே நின்றவுடன் பாசறை முடிந்துவிட்டது என்று நினையாதீர்கள். கூடாரம் காய்ந்தபின்தான் பாசறை முடிகிறது.” அதனை நாம் குறிப்புப் புத்தகத்தில் அழகாக எழுதிவைத்தோம். எழுதி வைத்தது புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

நடந்ததைக் கூறுகின்றோம். 2025ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் நக்கிள்ஸ் மலைச்சாரலிலே நான்கு நாள் பாசறை அமைத்தோம். அக்காலத்து மலைநாட்டு மழையை அறிவீர்கள். காலையில் வானம் கண்ணாடி போல் இருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு இடி முழங்கும். நாலாம் நாளும் மழை பெய்தது. நனைந்த கூடாரங்களை நனைந்தபடியே சுருட்டி, காற்றை அமுக்கி வெளியேற்றி, சிறிய பைகளுக்குள் திணித்து, சேறு பட்ட படங்குகளையும் அவற்றின்மேல் மடித்துப் போட்டுக்கொண்டு, இரவு பத்து மணிக்குக் கொழும்பு வந்து சேர்ந்தோம். “நாளைக்குக் காயப்போடுவோம்” என்றார் ஒருவர். எல்லோரும் “ஓம்” என்றோம். அடுத்த நாள் அவரவர் உறவினர் வீட்டுக்குச் சென்றனர். பின்னர்ப் பல்கலைக்கழகச் சோதனை வந்தது. வைகாசியிலே தென்மேல் பருவக்காற்று வந்தது. அவ்வாண்டு பாத யாத்திரைக்கும் எவரும் கூடாரம் கேட்கவில்லை. “நாளைக்கு” என்று சொன்ன அந்த நாள் வரவேயில்லை.

நவம்பர் இறுதியிலே டித்வா புயல் வந்தது. மலைநாடெங்கும் மண் சரிந்தது. களனி கங்கை கரைபுரண்டு கொழும்பின் அயற்கிராமங்களை மூடியது. நாட்டில் 600க்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. தோட்டத்து லயன்களில் இருந்தவர்கள் மலை இடியும் என்று அஞ்சிப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் ஒதுங்கினர். தொலைபேசித் தொடர்பு மீண்டதும், மலைநாட்டுத் தோட்டப் பாடசாலையொன்றின் ஆசிரியர், எமது உறுப்பினர் ஒருவருக்கு உறவினர், எம்முடன் பேசினார். நாம் மிகுந்த பெருமிதத்துடன், “சேர், எங்களிடம் எட்டு டென்ட் இருக்கிறது, கொண்டுவருகிறோம்” என்றோம். அவர் சொன்னார்: “டென்ட் எல்லாம் வேணாங்க தம்பி. தறப்பா இருந்தாலே போதும். மண்டபத்துல ஒரு பக்கம் கூரை போயிருச்சு. புள்ளைங்க நனையாம படுத்தாப் போதும்.”

அன்றிரவே சிற்றறையைத் திறந்தோம். திறந்தவுடன் வந்த மணம் எம்மைப் பின்னே தள்ளிற்று. புளித்த பாலும் ஈரச் சப்பாத்தும் கலந்தாற்போன்ற நாற்றம். கன்வஸ் கூடாரம் கருமையும் பச்சையுமாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. கையால் இழுத்ததும் அப்பளம் போல் கிழிந்தது. நைலோன் கூடாரங்களின் உட்பக்கப் பூச்சு கோந்து போல் ஒட்டிக்கொண்டது. பிரித்தால் செதில் செதிலாக உரிந்தது. சிப்புகள் பச்சை படிந்து அசைய மறுத்தன. படங்குகளின் மடிப்புக்குள் எலி கூடு கட்டிக் குட்டியும் ஈன்றிருந்தது. எட்டுக் கூடாரங்களில் உருப்படியாக இருந்தவை இரண்டு; ஆறு படங்குகளில் ஒன்று. டோர்ச் லைற்றுகளுள் பற்றறி கசிந்து, ஒன்றும் எரியவில்லை.

மறுநாள் புறக்கோட்டைக்குச் சென்று, கையிலிருந்த பணத்தைத் திரட்டிப் புதிய தறப்பாள்கள் வாங்கி அனுப்பினோம். அவை போய்ச் சேர இரண்டு இரவுகள் பிந்தின. அந்த இரண்டு இரவுகளும் மழை பெய்தது. இதற்குமேல் இதனை விரித்துரைக்க நாம் விரும்பவில்லை.

சகோதரர்களே, “தறப்பாள்” என்னும் சொல் எமது மக்களுக்கு உல்லாசப் பயணத்தோடு வந்த சொல் அன்று. 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த வேளையிலும், 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கிழக்கையும் வடக்கையும் தெற்கையும் விழுங்கிய பின்னும், 2009இல் வன்னியிலிருந்து வந்தோர் மெனிக் பாம் முகாமில் அடைபட்ட காலத்திலும், குடும்பங்களுக்குக் கூரையாக நின்றது அதுவே. எம்மில் பலர் அப்போது பிறக்கவில்லை, அல்லது கைக்குழந்தைகள். ஆனால் இச்சபையிலே அந்தத் தறப்பாளின் கீழ்ப் படுத்த தாய்மாரும் தந்தைமாரும் இருக்கின்றனர். அவர்கள் முன்னிலையில், நல்ல படங்கை அழுகவிட்டோம் என்று சொல்வதற்கு எமக்கு வெட்கமாயிருக்கின்றது.

இதிலே கவனிக்கத்தக்க ஓர் உண்மையும் உண்டு. வங்காள விரிகுடாவிலே புயல்கள் மிகுதியாகத் தோன்றுவது ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரையுள்ள மாதங்களில். மன்னாரையும் தனுஷ்கோடியையும் தாக்கிய புயல் 1964 டிசெம்பரில் வந்தது. மட்டக்களப்பை நிலைகுலைத்த புயல் 1978 நவம்பரில் வந்தது. டித்வாவும் நவம்பரிலேயே வந்தது. மேல் மாகாணத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்த 2016, 2017ஆம் ஆண்டுகளில் அது வந்த மாதம் மே. அதாவது, கூடாரம் எமக்கு வேண்டாத காலமே பிறர்க்கு அது வேண்டிய காலம். எமது ஓய்வுகாலம் அவர்களின் ஆபத்துக்காலம். ஆகையால், பருவம் முடிந்தபின் கூடாரத்தைப் பேணுதல் எமது சுகத்துக்காகச் செய்யும் வேலை மாத்திரமாகாது.

இனிச் செய்முறைக்கு வருவோம். கூடாரத்துக்குப் பகைவர் ஐவர்: ஈரம், உப்பு, வெயில், உயிரினம், மறதி.

முதற் பகைவன் ஈரம். கொழும்பு நகரின் காற்றில் ஈரப்பதன் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் நூற்றுக்கு எழுபதுக்கு மேலேயே நிற்கின்றது. பூஞ்சணத்துக்கு இதைவிட வேறு விருந்து வேண்டுமோ? பருத்திக் கன்வஸைப் பூஞ்சணம் நாராகவே தின்றுவிடும்; ஆதலால் அது கிழியும். முற்காலத்தில் எமது கடற்றொழிலாளர் பருத்தி வலைகளையும் பாய்களையும் மரப்பட்டைச் சாயத்திலே தோய்த்துக் காயவைத்தது இதனைத் தடுப்பதற்கே. 1935இல் நைலோன் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், “இனி அழுகல் இல்லை” என்று உலகம் மகிழ்ந்தது. நைலோனையும் பொலியெஸ்டரையும் பூஞ்சணம் தின்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் துணியில் ஒட்டிய சேறு, வியர்வை, சோற்றுப் பருக்கை ஆகியவற்றை உண்டு அது வளரும். கறையும் நாற்றமும் நீங்கா. மேலும், மழைநீர் புகாதிருக்க அத்துணியின் உட்புறத்தே பொலியூரிதேன் என்னும் பூச்சு பூசப்பட்டிருக்கின்றது. ஈரமும் வெப்பமும் சேர்ந்து நெடுநாள் நின்றால் தண்ணீரே அப்பூச்சின் பிணைப்புகளை அறுத்துவிடுகின்றது. நாம் கண்ட கோந்தும் செதிலும் புளித்த நாற்றமும் அதன் விளைவே. ஒருமுறை அவ்வாறு ஆனதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் அரிது.

இரண்டாம் பகைவன் உப்பு. கடற்கரையிலே கூடாரம் அடித்தாலும் சரி, வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மாடியில் காயப்போட்டாலும் சரி, உப்புப் படியும். உப்போ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. அடுக்களையில் உப்புச் சாடியைத் திறந்துவிட்டுப் பார்த்தவர்க்கு இது தெரியும். உப்புப் படிந்த துணி எத்தனை நாள் தொங்கினாலும் முற்றாகக் காயாது. ஆகவே நல்ல தண்ணீரால் முதலில் அலசுதல் வேண்டும். சிப்பின் பல்லையும் பழைய பற்பசைத் தூரிகையால் தேய்த்து மண்ணையும் உப்பையும் நீக்குக. காய்ந்தபின் மெழுகுதிரியால் ஒருமுறை உரசிவிட்டால் அது வழுக்கி ஓடும்.

மூன்றாம் பகைவன் வெயில். “வெயிலில் போட்டால் காய்ந்துவிடுமே” என்பர். காயும், ஆனால் கதிரவனின் புறவூதாக் கதிர் நைலோன் இழையைச் சிறிது சிறிதாக நலிவிக்கும். மொட்டை மாடியில் காலை தொடக்கம் மாலை வரை போட்டுவிட்டு மறந்து போவோர் பலர். நிழலும் காற்றும் உள்ள இடத்திலே தொங்கவிடுவதே சிறந்தது. அவ்விடம் கிடையாவிட்டால் காலை இளவெயிலில் சிறிது நேரம் உட்புறம், சிறிது நேரம் வெளிப்புறம் என்று காட்டி எடுக்கலாம்.

நான்காம் பகைவர் உயிரினங்கள். எலி, கரப்பான், கறையான், எறும்பு என்று இவர்களின் குடும்பம் பெரிது. கூடாரத்துள் விழுந்த ஒரு பிஸ்கட் துண்டு போதும், எலி துணியைத் துளைத்து உட்புக. எலி வாழ்ந்த பொருளைக் கையுறையின்றித் தொடலாகாது, எலிக்காய்ச்சல் விளையாட்டன்று. இன்னொரு பெரும் அபாயத்தையும் கொழும்புவாசிகள் மறத்தல் கூடாது. படங்கைக் கொல்லைப்புறத்திலோ பல்கனியிலோ மடித்துப் போட்டுவிட்டால், மழைநீர் மடிப்புக் குழிகளில் தேங்கும். தேங்கிய நீரிலே டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017ஆம் ஆண்டிலே இந்நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டனர் என்பதை நினைவிற்கொள்க. நாம் வெளியே வீசிய படங்கு அயல்வீட்டுக் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாகாது.

ஐந்தாம் பகைவன் மறதி. அவனைப் பற்றி இறுதியிற் கூறுவோம். ஏனெனில் மற்றைய நால்வரையும் உள்ளே அழைத்து வருபவன் அவனே.

கூடாரத்தைப் பேணும் ஒழுங்கு இது. வந்த அன்றே, அல்லது மறுநாட் காலையிலேயே, பையிலிருந்து எடுத்து உதறுக. குளிர்ந்த நீரில் சிறிது மென்மையான சவர்க்காரம் கலந்து, பஞ்சினால் கறைபட்ட இடத்தை மாத்திரம் துடைக்க. சலவை இயந்திரத்திற் போடற்க. அது பூச்சையும் தையலையும் சிதைத்துவிடும். சலவைத் தூளும் வேண்டா. பின்பு அலசித் தொங்கவிடுக. நடுத்துணி காய்ந்தது கண்டு ஏமாறுதல் கூடாது. தையல், மூலை, நாடா, சிப்பின் ஓரம், தரைத்துணியின் மடிப்பு ஆகிய இடங்களிலேயே ஈரம் ஒளிந்திருக்கும். எளிய உபாயம் ஒன்று கூறுகின்றோம். நன்கு காய்ந்த கூடாரத்தை ஒருமுறை தராசில் நிறுத்து, அந்நிறையைப் பையின்மேல் எழுதிவைத்துக்கொள்க. அடுத்த முறை நிறை கூடியிருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கின்றது, மீண்டும் தொங்கவிடுக. கண்ணும் கையும் பொய் சொல்லினும் தராசு சொல்லாது.

காய்ந்தபின் சிறிய பைக்குள் திணித்தல் ஆகாது. அப்பை பயணத்துக்கு உரியது. வீட்டில் வைப்பதற்கு உரியதன்று. பெரிய பருத்திச் சாக்கிலோ பழைய தலையணை உறையிலோ தளர்வாக இடுக. ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் மடித்தால் அக்கோட்டிலேயே பூச்சு வெடிக்கும். ஆகவே மடிப்பை மாற்றுக. உறங்கு பையையும் அவ்வாறே தளர்வாக வைக்க வேண்டும். நெடுநாள் அமுக்கி வைத்தால் உள்ளிருக்கும் பஞ்சு எழும்பாது, குளிரும் தாங்காது. கூடாரக் கம்பிகளைத் துடைத்து உலர்த்துக. அவற்றினுள் ஓடும் இழுவைக் கயிறு தளராதிருக்க, மடக்கும்போது நடுவிலிருந்து இரு பக்கமும் மடக்குக. கயிறுகளின் முடிச்சை அவிழ்த்து வளையமாகச் சுற்றி ஆணியிலே தொங்கவிடுக.

ஏனைய பொருள்களைச் சுருங்கக் கூறுவோம். மண்ணெண்ணெய் அடுப்பின் தாங்கியை வெறுமையாக்கித் துடைத்து வைக்க. காஸ் கலனை அடுப்பிலிருந்து கழற்றி, நிமிர்த்தி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வைக்க. மாடிப்படியின் கீழ் அடைத்து வைப்பது ஆபத்தை அழைப்பதாகும். டோர்ச் லைற்றின் பற்றறிகளை வெளியே எடுத்துவிடுக. கசியும் காரம் உள்ளிருக்கும் உலோகத்தை அரித்துவிடும். மின்னேற்றும் லிதியம் பற்றறியை முழுதாக ஏற்றியும் வைக்கலாகாது, முழுதாக வடித்தும் வைக்கலாகாது. பாதியளவில் வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை பார்க்க. இரும்புத் தாச்சிக்கும் கத்திக்கும் மெல்லிய எண்ணெய் பூசுக. சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளை அடைத்து உலர்த்துக. அதன் அடியிலும் பொலியூரிதேன் இருப்பின் கூடாரப் பூச்சுக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும். தண்ணீர்க் கலன்களை மூடியின்றி வைக்க. மருந்துப் பெட்டியிலே காலாவதியானவற்றை நீக்குக. அட்டைக் கடிக்கு எடுத்துச் சென்ற உப்புப் பொட்டலத்தைத் துணிப் பையுள் மறந்துவிடற்க. உப்பு என்ன செய்யும் என்று முன்னரே கூறினோம்.

“இவ்வளவையும் எங்கே வைப்பது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருகாலத்தில் ஹெவ்லொக் டவுன் வீடுகளுக்கு விறாந்தையும் கொல்லையும் சாமான் அறையும் இருந்தன. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை நின்ற நிலத்திலே இன்று ஹெவ்லொக் சிட்டி வானளாவி நிற்கின்றது. எம்மவரிற் பலர் மாடி வீடுகளில், இரண்டு அறைக்குள் ஐந்து பேராக வாழ்கின்றனர். அவ்வாறாயின் கட்டிலின் கீழ் வைக்கலாம். ஆனால் தரையில் நேரே படாமல் ஒரு பலகையின்மேல் வைக்க வேண்டும். அலுமாரியின் மேல்தட்டு இன்னும் நன்று. குளியலறைச் சுவரை ஒட்டி வைத்தல் கூடாது, அச்சுவர் வியர்க்கும். இறுகிய மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியிலே ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் வைப்பதும் ஒரு வழி. ஆயினும் எச்சரிக்கை ஒன்று: ஈரத்துடன் வைத்து மூடினால் அப்பெட்டியே பூஞ்சணத்துக்கு வளர்ப்புத் தாயாகிவிடும். பூச்சி உருண்டைகளைக் கூடாரத்துக்குள் இடுதல் நன்றன்று. அடுத்த பாசறையில் இரவு முழுவதும் அந்த நெடியைச் சுவாசிப்பவர் நீங்களே.

பொதுப் பொருளுக்கு ஒரு கேடு உண்டு. எல்லோர்க்கும் உரியது ஒருவர்க்கும் உரியதன்று என்று ஆகிவிடுகின்றது. “நாளைக்குக் காயப்போடுவோம்” என்று சொன்னவர் மீது நாம் குற்றம் சுமத்தவில்லை. அவருக்கு “ஓம்” என்று கூறிய பன்னிருவரும் குற்றவாளிகளே. அந்தப் பன்னிருவருள் நாமும் ஒருவர். மறதி என்னும் பகைவனை வெல்ல நல்லெண்ணம் போதாது. ஓர் ஒழுங்கு வேண்டும். அவ்வொழுங்கைச் செயற்குழு ஏற்றுக்கொள்ளுமாறு மூன்று பிரேரணைகளைப் பணிவுடன் முன்வைக்கின்றோம்.

முதலாவது, ஒரு கொப்பி. ஒவ்வொரு சாக்கிலும் ஓர் அட்டை கட்டப்படும். பொருளின் இலக்கம், காய்ந்த திகதி, நிறை, குறைபாடு ஆகியன அதிலும் கொப்பியிலும் எழுதப்படும். உலர்த்தியவர் ஒருவரும் சரிபார்த்தவர் ஒருவருமாக இருவர் கையெழுத்து இடுவர். கையெழுத்து இல்லாத சாக்கு அறைக்குள் செல்லாது.

இரண்டாவது, மூன்று நாள்கள். பொருள்கள் எப்படி வைக்கப்பட்டாலும், காற்றும் கண்ணும் படாதிருந்தால் கெடும். ஆகவே வெசாக் போயா கழிந்த முதல் ஞாயிறு, ஆயுத பூசைக்கு முந்திய ஞாயிறு, தைப்பொங்கல் கழிந்த ஞாயிறு என ஆண்டில் மும்முறை அறையைத் திறந்து யாவற்றையும் விரித்துப் பார்க்க வேண்டும். ஆயுத பூசையன்று எமது வீடுகளிலே புத்தகத்தையும் கருவியையும் துடைத்துப் பொட்டிடுகின்றோம். நவம்பர்ப் புயலுக்கு முன்னே அந்த நாள் வருவது எமக்கு எத்துணை வாய்ப்பு! கூடாரமும் படங்கும் அன்றைய கொலுவிலே இடம்பெறத் தகாத கருவிகளா?

மூன்றாவது, இரண்டு படங்குகளை வேறாக வைத்தல். அவை பாசறைக்கும் இல்லை, யாத்திரைக்கும் இல்லை. கயிறு, டோர்ச், மருந்து என்பவற்றோடு ஒரு பையில் கட்டி, யார் எங்கிருந்து கேட்டாலும் அந்த மணித்தியாலத்திலேயே எடுத்துச் செல்லத்தக்கதாக அது ஆயத்தமாயிருத்தல் வேண்டும். திறப்புகள் இரண்டு; ஒன்று செயலாளரிடம், மற்றொன்று அறைக்கு மிக அருகில் வசிப்பவரிடம்.

பெரியோர்களே, எமது வேலை இன்னும் முடியவில்லை. கெட்ட கூடாரங்களில் பழுது பார்க்கக்கூடியவை மூன்றென்று கண்டு, அவற்றின் பூச்சை உரித்துத் துடைத்து, புதிதாகப் பூசிக் காயவைத்திருக்கின்றோம். கிழிந்த கன்வஸை வீசிவிட மனம் வரவில்லை. அதன் நல்ல பகுதியை வெட்டிப் பொருள்கள் வைக்கும் சாக்குகளாகத் தைத்துத் தந்தார் உறுப்பினர் ஒருவரின் தாயார். மூத்தோர் மழையில் படுத்த துணி, இளையோரின் படங்கைக் காக்கும் உறையாயிற்று.

அந்த ஆசிரியருடன் சென்ற மாதமும் பேசினோம். மண்டபக் கூரையைத் திருத்திவிட்டனராம். நாம் பிந்தியதற்காக மன்னிப்புக் கேட்டோம். அவர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. “அந்தத் தறப்பாவ நல்லாக் காய வச்சு, மடிச்சு, பரண்ல ஏத்திட்டோம் தம்பி. எப்ப வேணும்னு யாருக்குத் தெரியும்?” என்றார். எமக்குச் சாரண ஆசிரியர் கற்பித்ததை, நாம் மறந்ததை, அவர் யாரும் சொல்லாமலே செய்திருந்தார்.

தேர் ஓடும் நாளிலே வடம் பிடிப்போம். அதனை எவரும் எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர்முட்டியில் அது நிற்கும் நாள்களிலும் ஒரு கை அதன்மேல் இருக்கட்டும். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு அறையைத் திறக்கின்றோம். கொடிக்கயிறும் சவர்க்காரமும் எம்மிடம் உண்டு. கைகள்தாம் வேண்டும்.